அறுநூறு எண் கல் இரண்டு

ஜூன் 3, திங்கள்

கத்தி தீட்டும் சாதனம் இன்று வந்தது. பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. கொண்டுவந்தவரிடம் சொல்லலாமா வேண்டாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அவர் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.

எதற்காக வாங்கினேன் என்பதை எழுதி வைக்கிறேன். பின்னால் நானே என்னைக் கேட்பேன்.

மார்ச்சில் பாவாத்தாளுக்கு வலது முழங்கால் மாற்று அறுவை நடந்தது. இனி என் மனைவி தரையில் உட்காரக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அன்றைக்கே மகள் கோகிலவாணி அருவாமனையைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டாள். நின்றுகொண்டே காய் வெட்ட ஒரு கத்தியும் பலகையும் வாங்கி வைத்தாள். பெங்களூருக்குப் போகும்போது வாசலில் நின்று சொன்னாள்: "ஜூன் கடைசில வருவேன். ரெண்டு நாள் இருந்து பாப்பேன். அம்மாவால அடுப்படிய சமாளிக்க முடியலைன்னா வீட்டப் பூட்டீட்டு ரெண்டு பேரும் எங்கூட வந்துரோணும். அப்பா, நீங்க எதாச்சும் சொல்றீங்களா?"

நான் அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு நடந்தேன்.

பாவாத்தாள் எங்கள் ஊர் கோபியை விட்டு வரமாட்டாள். எனக்கு எங்கே இருந்தாலும் ஒன்றுதான். ஆனால் கோகிலவாணியின் வீடு பதினான்காவது மாடியில் இருக்கிறது. அங்கே போனால் நான் சன்னல் இல்லாத பக்கமாகவே நடக்கிறேன் என்று பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

நான்கு நாட்களாக அடுப்படியிலிருந்து ஒரே வாக்கியம் வருகிறது: "வெட்டவே வரமாட்டேங்குதுங்க." கத்தி மழுங்கிவிட்டது. ஆகவே இந்தச் சாதனம். கோகிலவாணி வருவதற்கு இருபத்தாறு நாட்கள் இருக்கின்றன.

ஜூன் 4, செவ்வாய்

சாதனத்தைப் பூட்டுவதற்குக் காலை முழுவதும் ஆயிற்று. ஒரு இரும்புப் பிடி கத்தியை முதுகுப் பக்கமாகக் கவ்விக்கொள்கிறது. கத்தியின் வாய் நம்மைப் பார்த்திருக்கும். ஒரு நீளக் கம்பியில் கல்லை மாட்டி அந்த வாயின்மேல் முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். கம்பியை ஏற்றினால் கோணம் கூடும், இறக்கினால் குறையும். ஒரு பக்கம் முடிந்ததும் பிடியைச் சுழற்றி மறுபக்கம் தீட்டலாம். கை நடுங்கினாலும் கோணம் மாறாது என்பதுதான் இதன் பெருமை. என்னைப் போன்றவர்களுக்கென்றே செய்திருக்கிறார்கள்.

விளக்கப் புத்தகத்தை மட்டும் யாருக்கென்று எழுதினார்கள் என்று தெரியவில்லை. 'கல்லானது கத்தியைக் கோபமின்றி முத்தமிடுமாறு தள்ளப்படுக' என்று பொருள்படும் ஒரு வாக்கியம் ஆங்கிலத்தில் இருக்கிறது. நான் முப்பத்தொரு ஆண்டுகள் மாவட்ட நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவன். குடித்துவிட்டுச் சாட்சி சொன்னவர்களின் வாக்குமூலத்தைக்கூட இதைவிடச் சுலபமாகப் புரிந்துகொண்டிருக்கிறேன்.

புரிந்த அளவில்: கற்களின்மேல் எண் இருக்கும். எண் ஏற ஏறக் கல் மிருதுவாகும். 120 கத்தியின் வாயைப் புதிதாக உருவாக்கும். 320 அந்தக் கீறலை ஆற்றும். 600, 1000, 1500 என்று போய் 3000 கண்ணாடிபோல் மெருகேற்றும். கோணம் இருபது பாகை. பதினெட்டாக இருந்தால் என்ன என்ற சந்தேகம் இருக்கிறது.

மதியம் பருப்பு, ரசம், அப்பளம்.

ஜூன் 5, புதன்

320 இல்லை. 600 இரண்டு இருக்கிறது. மூன்று முறை எண்ணிப் பார்த்தேன்.

நிறுவனத்துக்குத் தொலைபேசி செய்தேன். இருபது நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் வந்தாள்.

"சொல்லுங்க சார்."

"அறுநூறு எண் கல் இரண்டு வந்திருக்கிறது. முந்நூற்றிருபது வரவில்லை."

"எக்ஸ்ட்ராவா வந்ததை ரிட்டன் அனுப்பிடுங்க சார், மாத்தித் தர்றோம்."

"சரி."

"ரெண்டுல எது சார் எக்ஸ்ட்ரா?"

சாட்சிக் கூண்டில் நிற்பதுபோல் நின்றேன். கடைசியில் பழுப்பாக இருப்பது என்று சொல்லி வைத்தேன். இரண்டும் பழுப்புதான்.

ஜூன் 7, வெள்ளி

காத்திருக்கப் பொறுமையில்லாமல் 120-க்குப் பிறகு நேராக 600-க்குப் போனேன். தவறு. 120 போட்ட கீறல்கள் 600-க்கு அடியில் அப்படியே இருக்கின்றன. பூதக்கண்ணாடியில் பார்த்தால் உழுத காடு.

கோணம் சரிதானா என்று பார்க்க, கத்தியின் வாயில் கறுப்பு மைப் பேனாவால் கோடு போட்டுக் கல்லை ஓட்ட வேண்டும் என்கிறார்கள். கல் படுகிற இடத்தில் மை அழியும். எனக்கு நுனியில் அழிந்தது, நடுவில் அழியவில்லை. அடிப்பக்கம் என் சட்டையில் அழிந்தது.

பாவாத்தாளிடம் கொடுத்தேன். ஒரு தக்காளியை எடுத்தாள். கத்தி தோலின்மேல் வழுக்கிக்கொண்டு போயிற்று.

"வரலீங்க. பரவால்ல, உடுங்க."

மதியம் முட்டைக் குழம்பு. வெங்காயம் முழுசு முழுசாகக் கிடந்தது. இரவுக்குக் கையால் கிள்ளிய முருங்கைக்கீரை.

ஜூன் 10, திங்கள்

முந்நூற்றிருபது வந்துவிட்டது. அதாவது, 320 என்று எழுதிய ஒரு கல் வந்துவிட்டது. கூடுதல் கல்லை வாங்கிப் போக யாரும் வரவில்லை, மூன்றும் என்னிடமே இருக்கின்றன. விரலால் தடவிப் பார்த்தால் 600-ஐவிட வழவழப்பாக இருக்கிறது. என் விரலை நான் நம்புவதில்லை. ஆகவே ஒரு சோதனை செய்தேன். எவர்சில்வர் மூடி ஒன்றை எடுத்து, மூன்று கற்களாலும் பக்கத்துப் பக்கத்தில் பத்துப் பத்துத் தடவை தேய்த்து, பூதக்கண்ணாடியில் ஒப்பிட்டேன். முடிவு: 320 என்று எழுதியிருப்பது உண்மையில் 600 அல்லது அதற்கு மேல். 600 என்று எழுதிய இரண்டில் ஒன்று உண்மையில் 320. ஆரம்பத்திலிருந்தே எல்லாக் கற்களும் பெட்டிக்குள் இருந்திருக்கின்றன. சீட்டுத்தான் மாறியிருக்கிறது. இப்போது என்னிடம் உண்மையிலேயே அறுநூறு எண் கல் இரண்டு இருக்கிறது.

பாவாத்தாள் மூடியைப் பார்த்தாள்.

"ஏனுங்க, இதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அவளுடைய அப்பா பெயரும் எங்கள் கல்யாணத் தேதியும் வெட்டியிருந்திருக்கின்றன. இப்போது தேதி மட்டும் இருக்கிறது.

"வேற மூடியே இல்லையா இந்த ஊட்டுல? எங்கப்பன்தான் கெடைச்சாரா உங்களுக்குத் தேய்க்கறதுக்கு?"

மன்னிப்புக் கேட்டேன். மூடியை வாங்கப் போனபோது அது அவள் கையிலிருந்து நழுவி விழுந்து உருண்டது. கோபத்தில் போட்டாள் என்று நினைக்கிறேன்.

ஜூன் 12, புதன்

முழு வரிசையும் முடித்தேன். 120, உண்மையான 320, 600, 1000, 1500, 3000. பக்கத்துக்கு நாற்பது இழுப்பு, பிறகு இருபது, பிறகு பத்து. ஒவ்வொரு கல்லிலும் மறுபக்கம் பிசிறு எழும்பியதை நகத்தால் உறுதி செய்துகொண்ட பிறகே அடுத்த கல். செய்தித்தாளை ஓரத்தில் பிடித்துக் கத்தியை வைத்தேன். சத்தமே இல்லாமல் இரண்டாயிற்று. மூன்று பக்கம் வெட்டினேன். அன்றைய தாள் என்பதைப் பிறகு கவனித்தேன்.

பாவாத்தாள் தக்காளி எடுத்தாள். வரவில்லையாம்.

ஒருவேளை மெருகு அதிகமாகிவிட்டதோ? தக்காளித் தோலுக்குக் கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும், 3000 வழுக்கும், 600-இல் நிறுத்துவதே நல்லது என்று சிலர் சொல்கிறார்கள். வேறு சிலர் அதை மறுக்கிறார்கள். இருசாராரும் மிகுந்த உறுதியோடு பேசுகிறார்கள். எதையும் இவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்கு ஒருநாளும் வாய்த்ததில்லை.

ஜூன் 13, வியாழன்

600-இல் நிறுத்தினேன். வரவில்லையாம்.

ஜூன் 14, வெள்ளி

மற்ற 600-ஐயும் பயன்படுத்திப் பார்த்தேன். கோணத்தைப் பதினேழுக்கு இறக்கினேன். எனக்குத் தக்காளி வெட்டுகிறது. வெங்காயம் வெட்டுகிறது. காகிதம், நூல், சட்டையின் கழுத்துப் பட்டியில் இருந்த சீட்டு எல்லாம் வெட்டுகிறது. அவள் கையில் கொடுத்தால் "வரலீங்க".

இன்று சத்தம் போட்டுவிட்டேன். "பின்ன எதத்தான் வெட்டும் இது?" என்று கேட்டேன். அவள் இடது கையால் குழாயைத் திறந்து தட்டைக் கழுவினாள். அரை மணி நேரம் கழித்து ஊறுகாய் பாட்டிலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "மூடி இறுகிக் கெடக்குதுங்க, சித்த தெறந்து குடுங்க" என்றாள். இறுகியிருக்கவில்லை.

பத்து நாள் சமையலைத் திரும்பிப் பார்க்கிறேன்: பருப்பு, முட்டை, கீரை, தயிர், பருப்பு, கொள்ளு ரசம், கீரை, முட்டை, அப்பளம், பருப்பு. ஒரு காய் இல்லை. ஒரு மனிதன் இதற்கு மேல் எத்தனை கல் வாங்க முடியும்?

ஜூன் 15, சனி

கத்தியைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு ஜமால் பாயின் கறிக்கடைக்குப் போனேன். பக்ரீத் நெருங்குவதால் ஊரிலுள்ள கத்தி முழுவதும் அவர் முன்னால்தான் கிடந்தது. கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றேன்.

"என்னங்க சார், கறியா?"

"இல்லை. ஒரு அபிப்பிராயம்."

கத்தியைப் பிரித்துக் காட்டினேன். அவர் வெளிச்சத்தில் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். முன்கையில் ஒரு இழுப்பு இழுத்தார். உள்ளங்கை அகலத்துக்கு ரோமம் போய்விட்டது.

"யாருங்க சார் சாணை புடிச்சது?"

"நான்தான்."

"நீங்களா? ரிட்டையர்டு ஆகி இவ்வளவு நாளு சும்மாவா இருந்தீங்க? நாளைக்கு வந்து உக்காருங்க, நாப்பது கத்தி கெடக்குது."

"வீட்டில் வெட்டவில்லை என்கிறார்கள்."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"கத்தியில ஒண்ணுமில்லீங்க சார். வேற எதையாச்சும் பாருங்க."

வெட்டுப்பலகையைச் சொல்கிறார் என்று நினைக்கிறேன்.

ஜூன் 16, ஞாயிறு

பலகையில் ஒரு குறையும் இல்லை. 1000 எண் கல்லைக் கழுவிக் காயவைத்தேன்.

ஜூன் 18, செவ்வாய்

வேலையில் நான் செய்த பிழைகளை ஒரு தனி நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அதில் முதலாவது, பணியில் சேர்ந்த ஆண்டு நடந்தது. ஒரு நில வழக்கில், பத்திரத்தைப் பற்றிக் கேட்டபோது ஒரு முதியவர் "கையெழுத்துப் போட வரலீங்க" என்றார். கையெழுத்துப் போடுவதற்கு அவர் அலுவலகத்துக்கு வரவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அவர் சொன்னது தனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது என்பதை. நீதிபதி தமிழர், ஆகவே பிழைத்தேன்.

'வெட்டவே வரமாட்டேங்குதுங்க.' இந்த வாக்கியத்தில் எழுவாய் இல்லை. கத்தி என்ற சொல்லை அவள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. பதினைந்து நாள் குறிப்புகளைத் திருப்பிப் படித்துவிட்டேன். கத்தியை வாக்கியத்துக்குள் கொண்டுவந்தவன் நான்.

மூடி. பாட்டில். இடது கையால் திறந்த குழாய். எல்லாவற்றையும் நானே எழுதி வைத்திருக்கிறேன். இன்றைக்குத்தான் தெரிந்ததா என்று யாராவது கேட்டால் ஆம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

ஜூன் 20, வியாழன்

நேற்றும் தீட்டினேன். இன்றும் தீட்டினேன். தேவையே இல்லை. ஆனால் நிறுத்தினால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். பிறகு ஏதாவது பேச வேண்டியிருக்கும்.

பதினொரு மணிக்கு அவள் ஒரு கத்தரிக்காயை வைத்து முயன்றுகொண்டிருந்தாள். கத்தி கையிலிருந்து நழுவிப் பலகையின் விளிம்பில் பட்டுத் தரையில் விழுந்தது. வலது கால் பெருவிரலுக்கு மூன்று விரற்கடை தள்ளி விழுந்தது. செய்தித்தாளைச் சத்தமில்லாமல் வெட்டுகிற கத்தி.

"ஒண்ணுமில்லீங்க, கை ஈரம்" என்றாள்.

ஜூன் 21, வெள்ளி

அவள் குளிக்கப் போயிருந்தபோது கத்தியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். துவைக்கும் கல்லின் விளிம்பில் வாயை நிறுத்திப் பத்து இழுப்பு இழுத்தேன். பிறகு இன்னும் பத்து. ஆறு கற்களும் பதினேழு நாட்களும் செய்ததைத் துவைக்கும் கல் ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டது. கட்டைவிரலை வாயில் அழுத்தி இழுத்துப் பார்த்தேன். கரண்டிக் காம்புக்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

கழுவித் துடைத்துப் பழைய இடத்தில் வைத்தேன். இப்படியொரு வேலையை என் வாழ்நாளில் செய்ததில்லை.

ஜூன் 22, சனி

காலை ஒன்பது மணிக்கு அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"ஏனுங்க, இங்க வாங்க. கத்திக்கு என்னாச்சு?"

"ஏன்?"

"மழுங்கிக் கெடக்குதுங்க."

"மூணு வாரமா அதத்தானே சொல்றே."

அவள் கத்தியைப் பலகைமேல் வைத்தாள். குக்கர் இரண்டு முறை விசில் அடித்தது. நாங்கள் இருவரும் குக்கரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இல்லீங்க" என்றாள். "இத்தன நாளும் நல்லாத்தான் இருந்துச்சு. கைக்குத்தான் புடிக்க வரல. பெருவெரலும் அதுக்கடுத்த ரெண்டும் மரத்துக் கெடக்குது. சித்திரையிலிருந்து."

"என்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"சொன்னா அன்னிக்கே கோகிலாவுக்குப் போனப் போட்டிருப்பீங்க. பயந்துட்டீங்கன்னா உங்க வாயி நிக்காது."

"நான் கல்லு கல்லா வாங்கிட்டு உக்காந்திருந்தப்பவாச்சும்..."

"நீங்க பாட்டுக்கு ஒரு வேலையா இருந்தீங்க, எனக்கும் நல்லதாப் போச்சு. கத்தி கூராச்சுன்னா கொஞ்சம் வெட்ட வந்தாலும் வரும்னு நானும் பாத்தேன்." சேலை முந்தானையால் கையைத் துடைத்தாள். "நீங்க எப்பக் கண்டுபுடிச்சீங்க?"

"செவ்வாக்கெழமை."

"அப்பறம் எதுக்கு வியாழக்கெழம வரைக்கும் தீட்டுனீங்க?"

நான் கத்தியை எடுத்துத் துணியால் துடைத்தேன்.

"சரியான ஆளுங்க நீங்க" என்றாள். பிறகு, "கோகிலாகிட்டச் சொல்லீராதீங்க. கை போச்சுன்னா ஊடும் போச்சு. அவ வந்துட்டுப் போகட்டும், அப்பறம் பாத்துக்கலாம்" என்றாள்.

தலையாட்டினேன். நீதிமன்றத்தில் தலையாட்டலைப் பதிவு செய்ய மாட்டார்கள். வாயால் சொல்லச் சொல்வார்கள்.

ஜூன் 24, திங்கள்

கத்தியை மறுபடி கூராக்க வேண்டியிருந்தது. மழுங்கடித்தவன் நான் என்பதால் யாரிடமும் குறைபட்டுக்கொள்ள முடியாது. வெளிச்சம் நன்றாக இருக்குமென்று சாதனத்தைச் சமையல் மேடையின் விளிம்பிலேயே முடுக்கினேன். 120-இலிருந்து 1000 வரை வந்தபோது மின் கணக்கெடுக்க ஆள் வந்தார். வெளியே போனேன்.

திரும்பி வந்தால் கல்லும் கம்பியும் கரண்டிக் கூடையில் கிடக்கின்றன. பாவாத்தாள் பிடியைக் கால்வட்டம் திருப்பி முடுக்கியிருக்கிறாள். படுக்கையாக இருக்க வேண்டிய கத்தி நெட்டுக்குத்தாக, வாய் அவளைப் பார்த்து நிற்கிறது. அவள் நின்றபடி ஒரு பிடி பீன்ஸை இரண்டு கைகளாலும் சேர்த்துப் பிடித்துக் கத்திமேல் தள்ளிக்கொண்டிருக்கிறாள். கீழே தட்டில் பொடிப்பொடியாக விழுகிறது.

"என்ன பண்றே?"

"தெரியலீங்களா? அருவாமனைய நிக்க வெச்சிருக்கறேன்."

இதில் கத்தியைப் பிடிக்க வேண்டியதில்லை. காயைப் பிடித்தால் போதும், அதற்கு இரண்டு கைகள் இருக்கின்றன. வலது கை சும்மா துணைக்குத்தான். பிடித்துத் தள்ளுவது முழுக்க இடது கை.

"அதுல தண்ணி படக் கூடாது" என்றேன்.

"தொடைச்சுக்கலாமுங்க."

"திருகுல பீன்ஸ் நார் சிக்கிக்கும்."

"எடுத்துக்கலாமுங்க. அந்தக் கோஸை எடுங்க."

மூன்று வாரம் கழித்து மதியம் பொரியல். நான் கல்லைத் தேடி எடுத்துக் கழுவினேன். 1000-இல் மஞ்சள்தூள் ஏறியிருக்கிறது.

ஜூன் 27, வியாழன்

மூன்று நாட்களாகத் தினம் ஒரு காய். அவள் வேகமாகிவிட்டாள். நாங்கள் ஜெயித்துவிடுவோம் போலிருக்கிறது. அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

காலையில் பால் வாங்க எழுந்தபோது, கட்டிலில் உட்கார்ந்து வலது கையை உதறிக்கொண்டிருந்தாள். தெர்மாமீட்டரை உதறுவதுபோல. என்னைப் பார்த்ததும் தலைமுடியை ஒதுக்கினாள். பெருவிரலுக்கு அடியில் மேடாக இருக்க வேண்டிய சதை பள்ளமாக இருக்கிறது. இடது கையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒப்பிடுவதற்குப் பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை.

ஜூன் 29, சனி

கோகிலவாணி வந்தாள். வந்ததும் அடுப்படிக்குள் போய்ச் சாதனத்தைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இதென்னப்பா, ஊட்டுக்குள்ள பட்டறை போட்டிருக்கீங்க?"

பாவாத்தாள் அவளுக்கு முன்னாலேயே கோஸ் நறுக்கினாள். சாம்பார், கோஸ் கூட்டு, பீன்ஸ் பொரியல். கோகிலவாணி மூன்று முறை போட்டுக்கொண்டாள். "அம்மா, நீ பெரிய ஆளும்மா. நான் என்னமோன்னு நெனச்சேன்" என்றாள். சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்து, "சரி, நான் ஒண்ணும் சொல்லல. இங்கியே இருந்துக்குங்க" என்றும் சொல்லிவிட்டாள்.

பாவாத்தாள் என்னைப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் பார்த்தது போன்ற பார்வை. அவள் டீ டம்ளரை இடது கையால் நீட்டியதைக் கோகிலவாணி கவனிக்கவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

கோகிலவாணிக்கு இரண்டு மணிக்குப் பேருந்து. நான் காலையில் மூன்று வாக்கியங்களைத் தாளில் எழுதி மனப்பாடம் செய்தேன். ஒன்றரை மணிவரை சொல்லவில்லை. அவள் பையைத் தோளில் மாட்டியபோது எழுந்து நின்றேன்.

"உங்கம்மாவுக்கு வலது கை சரியில்ல, மூணு வெரல் மரத்துச் சதை தேஞ்சிருக்கு."

"ஏனுங்க" என்றாள் பாவாத்தாள். அந்த ஒரு சொல்தான்.

கோகிலவாணி பையை இறக்கினாள். அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எந்த விரல் என்று கேட்டாள். ஐந்தில் இரண்டுதான் சரி.

"நேத்தெல்லாம் ரெண்டு பேரும் நாடகம் போட்டிருக்கீங்க. அப்பா, நீங்களுமா?"

"ஆமா."

"அப்பப் பெங்களூருதான். இனிப் பேச்சே இல்ல."

இதற்குத்தான் இரண்டாவது வாக்கியம். "இல்ல. டாக்டர்கிட்ட இங்கிருந்தே போறோம்" என்றேன். மூன்றாவதையும் உடனே சொல்லிவிட்டேன், இல்லாவிட்டால் சொல்லியிருக்க மாட்டேன். "அடுப்படிய நான் பாத்துக்கறேன்."

"நீங்களா? உங்களுக்கு டீ போடத் தெரியுமாப்பா?"

"தெரியாது."

"அரிசிக்கு எத்தன தண்ணி?"

"தெரியாது."

"பின்ன என்னதான் தெரியும்?"

"கத்தி நல்லாப் புடிப்பேன்."

அவள் சிரிக்கவில்லை. பேருந்துச் சீட்டை ரத்து செய்தாள். பாவாத்தாள் என்னோடு பேசவில்லை. ராத்திரிச் சாப்பாட்டை என் முன்னால் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து, "தயிர் வேணுமான்னு கேளு கோகிலா" என்றாள்.

ஜூலை 2, செவ்வாய்

கோயம்புத்தூரில் நரம்பு மருத்துவர் ஊசி குத்திப் பார்த்தார். மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறதாம். முழங்கால் அறுவைக்குப் பிறகு நடைச்சட்டத்தில் கையை ஊன்றி ஊன்றி நடந்ததில் முற்றியிருக்கலாம். சின்ன அறுவை. ஆறு வாரம் அந்தக் கையால் எதையும் தூக்கக் கூடாது. மரத்தது சரியாகலாம். தேய்ந்த சதை திரும்புமா என்பதை இப்போது சொல்ல முடியாது. இன்னும் சில மாதம் விட்டிருந்தால் இதைக்கூடச் சொல்லியிருக்க முடியாது என்றார்.

திரும்பும் வழியில் அவிநாசி தாண்டியபோது பாவாத்தாள் பேசினாள். "வாயி நிக்காதுன்னு நான் சொன்னேனா இல்லீங்களா?"

"சொன்னே."

"ம்" என்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜூலை 6, சனி

அறுவை நேற்று முடிந்தது. கோகிலவாணி நாளை கிளம்புகிறாள். நிபந்தனை: தினமும் ஏழு மணிக்குத் தொலைபேசி செய்வாள். என்னிடம் அல்ல, அம்மாவிடம். "ஒரு நாள் அம்மா சாப்பாடு சரியில்லைன்னு சொன்னாலும் மறுநாளே வண்டி எடுத்துட்டு வந்து ரெண்டு பேரையும் ஏத்தீட்டுப் போயிருவேன்."

ஒப்புக்கொண்டேன். வேறு வழியில்லை.

ஜூலை 8, திங்கள்

முதல் நாள். சோறு, பீன்ஸ் பொரியல், தக்காளி ரசம். பாவாத்தாள் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

"பீன்ஸ் எவ்வளவு நீளம்?"

"வாயில போற அளவுக்கு."

"சென்டிமீட்டர்ல சொல்லு."

"ஏனுங்க, நீங்க வெட்டறீங்களா, நான் எந்திரிச்சு வரட்டுமா?"

வெட்டினேன். கத்தி எந்தச் சிக்கலும் இல்லாமல் போயிற்று. 1000-இல் நிறுத்தியது சரிதான். 600-இலேயே நிறுத்தியிருக்கலாமோ என்னவோ. கடுகு எவ்வளவு என்றேன், கொஞ்சம் என்றாள். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்றேன், கண்ணை மூடிக்கொண்டாள். எண்ணெய் காய்ந்துவிட்டது என்பதை எப்படி அறிவது என்று கேட்டபோது அது புகைந்துகொண்டிருந்தது. "தெரியுதுங்களா இப்ப?" என்றாள். ரசம் பொங்கி அடுப்பை அணைத்தது. "ரசம் பொங்கக் கூடாதுன்னு பொறந்த கொழந்தைக்குத் தெரியும்" என்றாள். முப்பத்தொரு ஆண்டுகள் அரசு ஊழியம் பார்த்த ஒரு மனிதனிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. மொத்தம் இரண்டு மணி நாற்பது நிமிடம்.

சாப்பிட்டோம். அவள் இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டாள். எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. எனக்கு எல்லாமே ஒரே ருசியாக இருந்தது. பதற்றமாக இருக்கலாம்.

ஏழு மணிக்குத் தொலைபேசி அடித்தது. பாவாத்தாள் ஒரு கையால் பிடித்து அழுத்த முடியாமல் ஒலிபெருக்கியைப் போட்டு மேசைமேல் வைத்தாள். நான் கூடத்துக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"என்னம்மா, அப்பா சமையல் எப்பிடி? உள்ளதச் சொல்லு."

பாவாத்தாள் கட்டுப்போட்ட கையை மடியில் நகர்த்தி வைத்தாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"நல்லாத்தான் இருந்துச்சு கண்ணு. ரெண்டாவது வாட்டி வாங்கிச் சாப்புட்டேன்."

"நெசமாவா?"

"நான் எதுக்குப் பொய் சொல்றேன்? வெச்சர்றேன், சீரியல் போட்டுட்டான்."

தொலைபேசியை அணைத்தாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"நாளைக்காச்சும் உப்புப் போடுங்க."